ஐம்பதுக்கு நானூற்றுப் பன்னிரண்டு

கூழாங்குறிச்சிக்காரர்களைப் பற்றி யாராவது உங்களிடம் குறை சொன்னால் நம்பாதீர்கள். பேச்சு மாறாத மனிதர்கள். ஒன்றைச் செய் என்று சொல்லிவிட்டால், சொன்ன சொல்லில் ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் அப்படியே செய்து முடிப்பார்கள். அந்த ஊர் ஊராட்சி அலுவலகத்தில் 'வரிசையில் வரவும்' என்று எழுதிப் போட்டிருக்கிறது. தனியாக வருகிற ஆள், இன்னொருவர் வந்து சேரும்வரை வாசலிலேயே நிற்பார். ஒற்றை ஆள் எப்படி வரிசையாக முடியும்?

அந்த ஊராட்சிக்குத் தலைவர் அடைக்கலம். நல்ல மனுஷன். ஆறேழு மாதமாக அவருக்கு முகம் வட்டமாகிக்கொண்டே வந்தது. கன்னம் சிவந்தது, வயிறு முன்னால் தள்ளியது, கை கால் மட்டும் குச்சியாக மெலிந்தது. "பதவி வந்ததும் தலைவருக்கு ஒரு களை வந்துடுச்சுய்யா" என்று ஊரே சந்தோஷப்பட்டது. அவர் மனைவி மீனாளுக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. மனுஷன் பாயிலிருந்து எழுந்திருக்கக் கையூன்றுகிறார். கதவில் லேசாக இடித்தாலும் தோல் கன்றிப்போகிறது. ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை மேல் மாத்திரை விழுங்கியும் இறங்கவில்லை. ஒரு நாள் பஸ் படியில் ஏற முடியாமல் அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றதைப் பார்த்துவிட்டு, மீனாள் அவரை டவுன் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

கூடவே மூன்று வார்டு உறுப்பினர்களும் போனார்கள். தலைவர் எங்கே போனாலும் அவர்கள் போவார்கள். சேவுகன் எதற்கெடுத்தாலும் "சட்டப்படி பார்த்தா" என்று ஆரம்பிக்கிறவர். வெள்ளைக்கண்ணுவுக்குச் சொந்தமாக ஒரு ஆட்டோவும், அதன் மேல் இரண்டு ஒலிபெருக்கியும், எடுத்ததற்கெல்லாம் கலங்குகிற கண்ணும் உண்டு. பஞ்சவர்ணம் இட்லிக் கடை வைத்திருக்கிறவள். பாயிண்ட் பிடிப்பதில் அவளை மிஞ்ச அந்த ஊராட்சியில் ஆள் கிடையாது.

டாக்டர் நவநீதம் பொறுமைசாலி. அன்றைக்குப் பொறுமைசாலிதான்.

"உடம்புல கார்ட்டிசால்னு ஒரு ஹார்மோன் இருக்கு" என்று அவர் விளக்கினார். "மனசுக்கு நெருக்கடி வந்தா அது கூடும். டென்ஷன் ஹார்மோன்னு சொல்லுவாங்க. உங்களுக்கு அது காரணமே இல்லாம அளவுக்கு மேல சுரக்குதோன்னு சந்தேகமா இருக்கு. ஒரு நாள் பூரா போற சிறுநீரைச் சேர்த்து டெஸ்ட் பண்ணினா தெரிஞ்சுடும்."

"கூடியிருந்தா என்னம்மா பண்றது?" என்று அடைக்கலம் கேட்டார்.

"எங்கேயிருந்து வருதுன்னு கண்டுபிடிச்சுச் சரி பண்ணிடலாம். பயப்படாதீங்க. ஆனா இந்த டெஸ்ட் சரியா அமையணும். இல்லேன்னா நான் கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் வைத்தியம் பார்க்கணும்."

வெள்ளைக்கண்ணு தோளில் கிடந்த துண்டை எடுத்து, நான்காக மடித்து, மேஜைமேல் வைத்தார்.

"காலையில துவைச்ச துண்டுதாங்க டாக்டரம்மா. உங்களுக்கு வேணும்னா வச்சுக்குங்க."

டாக்டர் துண்டைப் பார்த்தார். வெள்ளைக்கண்ணுவைப் பார்த்தார். "லேப்ல ஜெபராணின்னு இருப்பாங்க, அவங்க எல்லாம் சொல்லுவாங்க" என்று அனுப்பிவைத்தார்.

லேபில் ஜெபராணி ஒரு பெரிய வெள்ளைக் கேனை எடுத்துக் கொடுத்து, எல்லோருக்கும் சொல்வதைத்தான் இவர்களுக்கும் சொன்னாள். "காலையில எந்திரிச்சதும் முதல்ல போறதை விட்டுடணும். அதுக்கப்புறம் மறுநாள் காலை அதே நேரம் வரைக்கும் போறதெல்லாம் இதுல சேர்க்கணும். ஒரு சொட்டுகூட வெளியே போயிடக் கூடாது. கேனைக் குளிர்ச்சியா வச்சிருங்க. கேன்மேல பேரும் வயசும் எழுதுங்க. அவரு டென்ஷன் ஆகாம சாதாரணமா இருக்கட்டும். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்றார் சேவுகன்.

"அவ்வளவுதான்" என்றாள் ஜெபராணி. பாவம், புதிதாக வேலைக்கு வந்த பெண்.

ஊருக்குத் திரும்பியதும் ஊராட்சி அலுவலகத்தில் அவசரக் கூட்டம் கூடியது. தலைவரின் சிறுநீர் பற்றிய கூட்டத்துக்குத் தலைவரே தலைமை வகித்தார். மீனாள் வாசலில் நின்று, "நானே வீட்டுல வச்சுப் பார்த்துக்கிறேனே" என்றாள். உறுப்பினர்கள் ஒப்பவில்லை.

"அக்கா, வீடுன்னா சிலிண்டர் தீர்ந்துபோச்சும்பீங்க, தண்ணி வரலைம்பீங்க. அவருக்கு டென்ஷன் வரும்" என்றாள் பஞ்சவர்ணம். "ஆபீஸ்லதான் ஒரு வேலையும் நடக்காது. இங்கேயே இருக்கட்டும்."

இது நியாயமாகவே பட்டதால் மீனாள் திரும்பிப் போய்விட்டாள்.

முதல் விவாதம் முதல் வரியிலேயே வந்தது.

"முதல்ல போறதை விட்டுடணும்னு சொல்லியிருக்கு" என்று சேவுகன் ஆரம்பித்தார். "சட்டப்படி பார்த்தா, முதல்ல போறது தலைவர்னு அந்தப் பொண்ணு சொல்லவே இல்லை."

"ஆமாமா" என்றாள் பஞ்சவர்ணம். "டெஸ்ட் யாருக்கு? தலைவருக்கு. அப்போ தலைவரை விட்டுட முடியுமா? முதல்ல போறது வேற ஆளா இருக்கணும். அந்த ஆளை விட்டுடணும். பாயிண்ட் அதுதான்."

"நான் முதல்ல போறேன்" என்றார் வெள்ளைக்கண்ணு, தழுதழுத்து. "தலைவருக்காக இதுகூடச் செய்யலேன்னா நான் என்ன உறுப்பினர்?"

அப்படியே மறுநாள் விடிந்ததும் வெள்ளைக்கண்ணு முதலில் போனார். அவரை விட்டுவிட்டார்கள். அவரும் வீட்டுக்குப் போய்க் காபி குடித்துவிட்டு வந்தார்.

அடுத்து அடைக்கலம் எழுந்தார். சேவுகன் வழிமறித்தார்.

"எங்கே தலைவரே?"

"ஒண்ணுக்குத்தான்."

"ஒரு சொட்டுகூட வெளியே போயிடக் கூடாதுன்னு சொல்லியிருக்கே."

அடைக்கலம் யோசித்தார். சொன்னது வாஸ்தவம்தான். திரும்ப வந்து உட்கார்ந்தார்.

வெயில் ஏறியது. அடைக்கலம் ஒரு காலை இன்னொரு காலின்மேல் போட்டுப் பார்த்தார். மாற்றிப் போட்டுப் பார்த்தார். தெருக்குழாயில் யாரோ குடம் பிடிக்கிற சத்தம் கேட்டபோது மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். சாப்பாட்டு நேரத்துக்கு அவருடைய சிவந்த முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்திருந்தது. வெள்ளைக்கண்ணு சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். கேன் மேஜைமேல் காலியாக இருந்தது.

பஞ்சவர்ணம்தான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

"எனக்கு ஒரு சந்தேகம். வெளியேதானே போகக் கூடாது? கேனுக்குள்ள போனா, அது வெளியே போறதா, உள்ளே போறதா?"

சேவுகன் கேனைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார்.

"கேனுக்குள்ள போறது உள்ளேதான்" என்றார் வெள்ளைக்கண்ணு.

"தலைவரோட பக்கத்துலேர்ந்து பார்த்தா வெளியே" என்றார் சேவுகன். "கேனோட பக்கத்துலேர்ந்து பார்த்தா உள்ளே. இதுல எந்தப் பக்கத்தை எடுத்துக்கிறதுன்னு ஒரு முடிவுக்கு வரணும். ஒரு தீர்மானமா எழுதி, வாசிச்சு, கை தூக்கி..."

தீர்மானம் எழுதுவதற்குள் தலைவர் இரண்டு கையையும் தூக்கிவிட்டார். ஒரு காலையும் தூக்கினார் என்று பிறகு சொல்லிக்கொண்டார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தலைவர் கேனோடு உள்ளே ஓடினார். அவர் வெளியே வந்தபோது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை, தேர்தலில் ஜெயித்த அன்றுகூட ஊரார் பார்த்ததில்லை.

அடுத்தது குளிர்ச்சி.

குளிர்ச்சி என்றால் என்னவென்று கூழாங்குறிச்சியில் யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பஞ்சவர்ணம் நல்லெண்ணெய் கொண்டுவந்து கேனுக்கு உச்சியிலிருந்து அடிவரை தடவி, சூடு பறக்கத் தேய்த்தாள். சீயக்காய் போட்டு அலசினாள். ஈரம் துவட்டி, மூடியைச் சுற்றிச் சந்தனம் அப்பினாள்.

"வெளிக்குளிர்ச்சி போதுமா? உள்குளிர்ச்சி வேண்டாமா?" என்றார் சேவுகன்.

அதுவும் பாயிண்ட்தான். கேனைத் திறந்து ஒரு பிடி சப்ஜா விதையும், ஊறவைத்த வெந்தயமும், கொஞ்சம் வெட்டிவேரும் போட்டார்கள். இளநீர் விடலாமா என்று பேச்சு வந்தது. அளவு கூடிவிடும் என்று பஞ்சவர்ணம் தடுத்துவிட்டாள். பாயிண்ட் பிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது என்று அதற்குத்தான் சொன்னேன்.

பேர் எழுதுகிற வேலை சேவுகனுடையது. அந்த ஊரில் கோயில் டியூப்லைட் முதல் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சுவரை பேர் எழுதுகிற முறை ஒன்றுதான். அவர் சிவப்புப் பெயிண்டில், அழகான கையெழுத்தில், கேன் முழுக்க எழுதினார்: 'உபயம்: அடைக்கலம், ஊராட்சித் தலைவர்.' வயசு என்ற இடத்தில் கொஞ்சம் தயங்கி, கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'புதுசு' என்று போட்டார்.

இனி பாக்கி, தலைவர் டென்ஷன் ஆகாமல் இருப்பதுதான். அதற்கு ஊர் அமைதியாக இருக்க வேண்டும். ஊருக்கு அதை யார் சொல்வது? வெள்ளைக்கண்ணு ஆட்டோவைக் கிளப்பினார். சாயங்காலம் முழுக்க இரண்டு ஒலிபெருக்கியும் அலற, அலுவலகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"அன்பார்ந்த பொதுமக்களே! நமது தலைவர் உள்ளே அமைதியாக ஒண்ணுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்! யாரும் சத்தம் போடாதீர்! சத்தம் போட்டால் தலைவருக்கு டென்ஷன் வரும்! அமைதி! அமைதி! அமைதி!"

உள்ளே அடைக்கலம் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்கள் ஆட்டோ சத்தம் கேட்டு வெளியே வந்து, விஷயம் தெரிந்து, ஜன்னலைச் சுற்றிக் கூட்டமாக நின்று, "யாரும் சத்தம் போடாதீங்கப்பா" என்று ஆளாளுக்குச் சத்தம் போட்டார்கள்.

மறுநாள் காலை கேனை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் பஸ் ஏறினார்கள். தலைவரின் டென்ஷன் மொத்தமும் இதற்குள் இருக்கிறது என்பதால் ஜன்னலோர இருக்கையில் கேனை உட்காரவைத்து, அவர்கள் கம்பியைப் பிடித்து நின்றார்கள். கைக்குழந்தையோடு ஏறிய ஓர் அம்மாள், "இந்தக் கேனைக் கீழே வையுங்களேன், உட்காரணும்" என்றாள்.

"மெதுவாப் பேசுங்கம்மா" என்று வெள்ளைக்கண்ணு வாயில் விரலை வைத்தார். "தலைவர் உட்கார்ந்திருக்காரு."

அந்த அம்மாள் கேனில் எழுதியிருந்ததைப் படித்தாள். பிறகு அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள்.

லேபில் ஜெபராணி மூடியைத் திறந்தாள். சந்தனமும் வெட்டிவேரும் கலந்து ஒரு வாசம் வந்தது. உள்ளே சப்ஜா விதை நன்றாக ஊறி, தவளை முட்டை மாதிரி மிதந்துகொண்டிருந்தது. ஜெபராணி மூடியை மறுபடியும் மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் திறந்தாள். அப்போதும் அது அப்படியேதான் இருந்தது.

"எதையும் கலக்கக் கூடாதுங்க!" என்று அவள் கிட்டத்தட்ட அழுதாள். "வெறும் சிறுநீர் மட்டும்தான். இன்னொரு தடவை எடுக்கணும். இந்தத் தடவை முழுசா வேணும், புரியுதா? முழுசா!"

புரிந்தது. அன்று சாயங்காலமே கூட்டம் கூடியது.

"முழுசா வேணுமாம்" என்று சேவுகன் புதுக் கேனைத் தூக்கிக் காட்டினார். "போன தடவை பாதிகூட வரலை. அதுதான் அந்தப் பொண்ணுக்குக் கோபம்."

அடைக்கலம் கேனின் உயரத்தைப் பார்த்தார். "என்னால இவ்வளவு முடியாதுப்பா" என்றார். சத்தியமான வார்த்தை.

"உங்களை ஒத்தையில விட்டுடுவோமா தலைவரே?" என்று வெள்ளைக்கண்ணு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நாங்க எதுக்கு இருக்கோம்?"

"ஆனா, மத்தவங்களோடதைச் சேர்க்கலாமா?" என்று அடைக்கலம் கேட்டார். அந்த ஒரு நிமிஷம் அந்த அறையில் புத்தி எட்டிப் பார்த்தது. பஞ்சவர்ணம் அதை உட்காரவிடவில்லை.

"எதையும் கலக்கக் கூடாதுன்னுதானே சொன்னாங்க? வெறும் சிறுநீர் மட்டும்னு சொன்னாங்க. நாம சேர்க்கறதும் வெறும் சிறுநீர்தானே? சப்ஜா போடலையே."

"சட்டப்படி பார்த்தா" என்று சேவுகன் முடித்துவைத்தார், "தலைவர்னா யாரு? ஊரோட பிரதிநிதி. அவரோட டென்ஷன் ஊரோட டென்ஷன். அப்போ வார்டுக்கு இவ்வளவுன்னு பிரிச்சுக்கிறதுதான் முறை."

கேன் பத்து மணிக்குள் தளும்பத் தளும்ப நிறைந்துவிட்டது. பின்னால் வந்தவர்களை, "இடம் இல்லை, அடுத்த தடவை பார்க்கலாம்" என்று சமாதானம் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. மூன்றாவது வார்டுக்காரர்கள் தங்களைப் புறக்கணித்துவிட்டதாக இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

இரண்டு நாள் கழித்து டாக்டர் நவநீதம் எல்லோரையும் வரச்சொன்னார். மீனாளும் வந்திருந்தாள்.

"ஒரு ஆளோட உடம்புலேர்ந்து ஒரு நாளைக்கு இன்ன உப்பு இவ்வளவுதான் வரும்னு ஒரு கணக்கு இருக்கு" என்றார் டாக்டர். "சரியாச் சேர்த்திருக்காங்களான்னு நாங்க அதை வச்சுத்தான் சரிபார்ப்போம். இந்தக் கேன்ல இருக்கறதைப் பார்த்தா உங்க வீட்டுக்காரர் யானை எடை இருக்கணும். மீனாளம்மா, வீட்டுல என்ன நடக்குது?"

"வீட்டுல ஒண்ணும் நடக்கலைங்க. எல்லாம் ஆபீஸ்ல நடக்குது" என்றாள் மீனாள்.

வெள்ளைக்கண்ணு பெருமையாக, "ஊரே சேர்ந்து கொடுத்தது டாக்டரம்மா" என்றார்.

டாக்டர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மீனாள் அதுவரை அடக்கி வைத்திருந்தது அப்போது வெடித்தது.

"உங்களுக்கெல்லாம் இது விளையாட்டா இருக்கு" என்று அவள் மூன்று பேரையும் பார்த்துச் சொன்னாள். "நேத்து அவரு சட்டைப் பொத்தானைப் போட முடியாம என்னைக் கூப்பிட்டாரு. விரல்ல பலம் இல்லை. என் மனுஷனை நாளுக்கு நாள் இழந்துக்கிட்டிருக்கேன். நீங்க கேனுக்குச் சந்தனம் பூசுறீங்க."

அடைக்கலம் தரையைப் பார்த்தார். "அவங்களைத் திட்டாதே மீனா. எனக்குப் பயமா இருந்துச்சு. நாலு பேர் கூட இருந்தா நல்லா இருக்கும்னு நான்தான் விட்டுட்டேன்."

பஞ்சவர்ணத்துக்கே பாயிண்ட் கிடைக்கவில்லை.

டாக்டர் கண்ணைத் திறந்தார். "இன்னிக்கு அவரை இங்கேயே சேர்த்துக்கறேன். நர்ஸ் பார்த்துக்குவாங்க. மீனாளம்மா மட்டும் கூட இருக்கட்டும்." பிறகு மூன்று பேர் பக்கம் திரும்பி, ஒவ்வொரு சொல்லாக அழுத்திச் சொன்னார். "நீங்க மூணு பேரும் எதுவும் செய்யக் கூடாது. இந்த டெஸ்ட் முடியற வரைக்கும். எதுவுமே."

"சரிங்க" என்றார்கள் மூன்று பேரும்.

மறுநாள் காலை டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தபோது வார்டுக்கு வெளியே வராந்தாவில் மூன்று பேரும் நின்றிருந்தார்கள். சேவுகன் மூக்கைச் சொறிய எடுத்த கை மூக்குக்கு ஒரு விரற்கடை முன்னால் நின்றிருந்தது. வெள்ளைக்கண்ணு ஒரு செருப்பு காலிலும் ஒரு செருப்பு கையிலுமாக இருந்தார். பஞ்சவர்ணம் கொட்டாவிக்கு வாயைத் திறந்தபடி இருந்தாள். துப்புரவுப் பெண் அவர்களைச் சுற்றித் துடைத்துக்கொண்டு போயிருந்தாள். யாரோ ஒரு நோயாளியின் உறவுக்காரர், ஏதோ நேர்த்திக்கடன் என்று நினைத்து, வெள்ளைக்கண்ணுவின் கைச்செருப்பில் இரண்டு ரூபாய் போட்டிருந்தார்.

"என்ன இது?" என்றார் டாக்டர்.

பதில் சொல்வதும் ஒரு காரியம்தான் என்பதால் யாரும் சொல்லவில்லை.

இப்படியாக, கூழாங்குறிச்சி ஊராட்சி எதுவுமே செய்யாத காரணத்தால், அந்தச் சோதனை அழகாக, முழுமையாக, ஒரு சொட்டுப் பிசகாமல் முடிந்தது.

ரிப்போர்ட் வந்தது. டாக்டர் அதை வாசித்துவிட்டு முகம் இறுகிச் சொன்னார்: "இது ஐம்பதுக்குள்ள இருக்கணும். இவருக்கு நானூத்திப் பன்னெண்டு இருக்கு."

மீனாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். அடைக்கலம் அவள் கையைத் தேடிப் பிடித்தார். மூன்று உறுப்பினர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வெள்ளைக்கண்ணுவின் கண்ணில் நீர் கோத்தது. ஆனால் அது வேறு நீர்.

"ஐம்பதுக்கு?" என்றார் சேவுகன், மூச்சுவிடாமல்.

"ஐம்பதுக்கு."

"ஐம்பதுக்கு நானூத்திப் பன்னெண்டு!"

டாக்டர், சிறுநீரகத்துக்கு மேலே இருக்கிற சின்னச் சுரப்பியை ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று தலைவருக்கும் மீனாளுக்கும் விளக்கிக்கொண்டிருந்தபோதே இவர்கள் மூன்று பேரும் பஸ் ஏறிவிட்டார்கள். அன்று பொழுது சாய்வதற்குள் ஊர் முகப்பில் ஃப்ளெக்ஸ் ஏறிவிட்டது. தலைவரின் உருண்டை முகம், அதைச் சுற்றி ஒளிவட்டம், கீழே கொட்டை எழுத்தில்: 'டென்ஷன் தேர்வில் ஐம்பதுக்கு நானூற்றுப் பன்னிரண்டு எடுத்து ஊருக்குப் பெருமை சேர்த்த எங்கள் அண்ணன் அடைக்கலம் அவர்களை வாழ்த்தி வணங்குகிறோம்.' வெடி போட்டார்கள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வந்து காட்டி, "இப்படி எடுக்கணும், நீங்களும் எடுக்கறீங்களே நூத்துக்கு இருபது" என்று திட்டினார்கள்.

ஸ்கேனில் அந்தச் சுரப்பியில் நெல்லிக்காய் அளவு ஒரு கட்டி தெரிந்தது. பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஆபரேஷனுக்கு உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன் அடைக்கலம் மீனாளிடம், "ஏதாவது ஆயிட்டா அந்த மூணு பேரையும் திட்டாதே, நல்ல பசங்க" என்றார். "ஒண்ணும் ஆகாது. வந்து நீங்களே திட்டுங்க" என்றாள் மீனாள். கண்ணைத் துடைக்கவில்லை, துடைத்தால் அவர் பார்த்துவிடுவார் என்று.

ஒன்றும் ஆகவில்லை. கட்டியை எடுத்துவிட்டார்கள். தலைவர் கொஞ்ச காலம் சோர்ந்து கிடந்தார், மாத்திரை சாப்பிட்டார், மெல்ல மெல்லத் தேறினார். முகத்தின் வட்டம் வடிந்து பழைய தாடை எட்டிப் பார்த்தது. பாயிலிருந்து கையூன்றாமல் எழுந்தார். தானே பொத்தான் போட்டுக்கொண்டார். ஒரு நாள் பஸ் படியில் ஒரே எட்டில் ஏறிவிட்டுத் திரும்பி மீனாளைப் பார்த்துச் சிரித்தார். பஸ் பூரா பார்த்ததில் மீனாளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்த வருஷம் டாக்டர் நவநீதம் அதே சோதனையை மறுபடியும் எடுத்தார். உறுப்பினர்கள் ரிப்போர்ட்டுக்காக வாசலிலேயே காத்திருந்தார்கள்.

"முப்பத்தெட்டு!" என்று டாக்டர் கையைத் தட்டினார். "பிரமாதம்! அருமை!"

மூன்று முகமும் செத்துப்போயின.

"முப்பத்தெட்டா?" என்றார் சேவுகன். "நானூத்திப் பன்னெண்டு எடுத்த மனுஷனா?"

"ஒரு வருஷமா புத்தகத்தையே தொடலை போல" என்று வெள்ளைக்கண்ணு விசும்பினார்.

"டாக்டரம்மா" என்றாள் பஞ்சவர்ணம், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு. "மறுகூட்டலுக்கு எங்கே எழுதிப்போடணும்?"

டாக்டர் விளக்கினார். குறைந்தால்தான் நல்லது என்றார். படம் போட்டுக் காட்டினார். மூன்று பேரும் பவ்யமாகத் தலையாட்டினார்கள். பெரிய மனுஷர்கள் ஆறுதலுக்கு இப்படித்தான் சொல்வார்கள், தோற்றுப்போன பிள்ளையிடம் வாத்தியார் சொல்வதில்லையா என்று படியிறங்கும்போது பேசிக்கொண்டார்கள்.

ஊருக்கு வந்ததும் ஃப்ளெக்ஸைத் துணி போட்டு மூடினார்கள். கூட்டம் கூடியது. ஒரே தீர்மானம், ஒருமனதாக நிறைவேறியது: தலைவருக்கு டியூஷன் வைப்பது.

தினமும் சாயங்காலம் ஊராட்சி அலுவலகத்தில் வகுப்பு. சேவுகன் தண்ணீர்த் தொட்டி இடிந்துவிட்டது, கலெக்டர் வாசலில் நிற்கிறார் என்று பாடம் எடுத்தார். வெள்ளைக்கண்ணு ஒலிபெருக்கியை மேஜைமேல் வைத்து, எதிர்க்கட்சிக்காரர் என்னென்ன பேசுவாரோ அத்தனையும் பேசிக் காட்டினார். பஞ்சவர்ணம் உரிமைத்தொகை வரவில்லை என்று கரண்டியால் தரையைத் தட்டித் தட்டிக் கேட்டாள். அடைக்கலம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "பார்த்துக்கலாம்பா, எல்லாம் பார்த்துக்கலாம்" என்று சிரித்தார். உடம்பு சுகமான மனுஷன், சில சமயம் வகுப்பு நடக்கும்போதே கன்னத்தில் கை வைத்துத் தூங்கியும் போனார்.

"மண்டையில ஏறவே மாட்டேங்குதே!" என்று பஞ்சவர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள்.

இப்போது நீங்கள் கூழாங்குறிச்சிக்குப் போனால் தலைவரைச் சுலபமாகப் பார்க்கலாம். அலுவலகத்துக்குள் நுழைந்ததும் நேர் எதிரே, பெஞ்சுமேல் ஏறி, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். சிரித்த முகம். மனு கொடுக்கிறவர்கள் அண்ணாந்து கொடுப்பார்கள், அவர் குனிந்து கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். கொஞ்சம் இறங்கி உட்காரச் சொல்லலாமே என்று மட்டும் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். பிரம்போடு பக்கத்தில் நிற்கிற சேவுகன் உங்களைப் பார்த்து ஒரு முறை முறைப்பார்.

"டென்ஷன் ஆனாத்தான் இறங்கலாம். நாலு மாசமா நிக்கறாரு, இன்னும் ஆகலை."